பொன்னுவுக்குத் தாள் போதவில்லை

போடி
12-2-1974

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் ராமுத்தாய் வணங்கி எழுதுவது. நானும் நம் பொன்னுவும் நலம். ஏலத்தோட்டத்துக் குளிரும் அட்டையும் உங்களை அதிகம் படுத்தாமல் சுருளி வேலப்பர் பார்த்துக்கொள்ள வேண்டும். செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. வீட்டில் இப்போது நாங்கள் நான்கு பெண்கள்.

பொங்கலுக்கு வந்தபோது, பொன்னு வரைந்த வீட்டுப் படத்தில் நான், மாடு, கோழி எல்லாம் இருக்க உங்களை மட்டும் காணோம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனீர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தைச் சொல்லித் தராமல் கிறுக்க விடும் டீச்சர் வேண்டாம், உத்தமபாளையத்தில் அக்கா வீட்டில் விட்டு அங்கே படிக்க வை என்று இப்போது கடிதமும் போட்டிருக்கிறீர்கள். அவளையும் அனுப்பிவிட்டு நான் யார் முகத்தைப் பார்ப்பது?

ஆனாலும் உங்கள் மனசு நொந்தது எனக்கும் வலித்தது. நேரே பள்ளிக்கூடம் போனேன். "நீங்க சொன்னா கேப்பா டீச்சர், அவுக அப்பாவையும் ஒரு ஓரத்துல போடச் சொல்லுங்க" என்று ஜெபராணி டீச்சரிடம் கேட்டேன். "அது அவ படம் ராமுத்தாயி. போடுன்னு நானும் சொல்லக் கூடாது, நீயும் சொல்லக் கூடாது" என்று மறுத்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவர்களுக்கென்ன, புருஷன் பக்கத்திலேயே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு டீச்சர், சேலை அழுக்காவதைப் பார்க்காமல், தரையில் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "இந்தப் படத்தைப் பத்திச் சொல்லு ஆத்தா" என்றார்கள். அப்பா எங்கே என்று கேட்கவே இல்லை. பொன்னு மாட்டைச் சொன்னாள், கோழியைச் சொன்னாள், என்னைச் சொன்னாள். கடைசியில் தாளின் மேல் விளிம்பைத் தொட்டு, "எங்கப்பா இதுக்கும் மேல, மலையில இருக்காக. தாளு பத்தல" என்றாள்.

டீச்சர் எழுந்து போய், ஏலக்காய்க் கடையில் கேட்டு வாங்கி வைத்திருந்த பழைய நோட்டீசுகளை எடுத்து வந்தார்கள். ஒன்றை வெற்றுப் பக்கம் தெரியத் திருப்பி, படத்தின் தலைமாட்டில் பசை தடவி ஒட்டிக் கொடுத்தார்கள். "போதுமா பாரு" என்று மட்டும் கேட்டார்கள்.

அன்றிலிருந்து பொன்னுவுக்கு வேறு வேலை இல்லை. கோவை இலையைக் கசக்கிக் காடு, செங்கல்லை உரசி ரோடு, அடுப்புக்கரியில் பஸ். தாள் தீரத் தீர டீச்சர் ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். கோணலாக இருந்த ஒரு வளைவை நான் திருத்தப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். எழுத்து வராது என்றீர்களே, முந்தல், புலியூத்து, போடிமெட்டு என்று மலைரோட்டு ஊர்ப் பேர்களை அவளாகவே டீச்சரிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாள். படம் வகுப்புச் சுவரில் உத்தரம் வரை ஏறி நிற்கிறது.

இப்படி ஒரு டீச்சரை நான் பார்த்ததில்லை மாமா. நான் படித்தபோது வாத்தியார் போர்டில் போட்டதுதான் மாமரம். என் மனசிலும் ஒரு மாமரம் இருக்குமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

உச்சியில் உங்களை வரைந்திருக்கிறாள். மழைக்குத் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நடுரோட்டில் நிற்கிறீர்கள். ஏறிப் போகிறீர்களா, இறங்கி வருகிறீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்க வாயெடுத்தேன். என்ன சொல்வாளோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

பிள்ளையை உத்தமபாளையத்துக்கு அனுப்ப மாட்டேன். கோபத்தை என்மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சனிக்கிழமை ஜீப் பிடித்து வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏறுகிறீர்களா இறங்குகிறீர்களா என்று நீங்களே கேளுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
ராமுத்தாய்