தலைவர் பெலிக்ஸின் நாற்பத்தெட்டு மணி நேரம்

திண்டுக்கல்
14.9.2003

அன்பு மகன் பெலிக்ஸுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் இங்கே சுகம், அவருடைய முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே அமெரிக்காவில் உன் உடம்பும், உடம்பைவிட அவசரமாக உன் புத்தியும் சுகமாயிருக்கச் சூசையப்பரிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். மெயிலை விட்டுவிட்டுத் தாளில் எழுதுகிறேனே என்று பார்க்காதே, தாளை எந்தக் குழுவிலிருந்தும் உன்னால் நீக்க முடியாது.

பேகம்பூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற நர்கீஸை உனக்குத் தெரியும், என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவள், உன் மெயிலை வாசிக்க நான் போவதும் அவள் கடைக்குத்தான். இணையத்தில் தமிழிலேயே முகவரி வைப்பதற்கு விதி எழுதுகிற உன் குழுவில் சேர்ந்ததை அவள் எவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் கேட்பவருக்கே பெயர் என்று, இரண்டு வாரத்துக்கு முன்னால், நம் ஊர் நேரப்படி வெள்ளிக்கிழமை காலையில் நீ ஒரு தீர்மானத்தைப் போட்டு, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் மறுப்பு வராவிட்டால் நிறைவேறியது என்றாயாம். வெள்ளிக்கிழமை அவள் கடைக்கு லீவு. சனிக்கிழமை மின்வாரியம் பராமரிப்பு என்று பிடுங்கிய கரண்டைப் பொழுது சாய்ந்துதான் கொடுத்தது, பிறகு நெட் லைன் கிடைக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் அவள், நாங்கள் கம்ப்யூட்டரைத் திறப்பதற்குள் எங்கள் ஊர்ப் பெயரையே வெளிநாட்டில் ஒருத்தர் எழுதி வாங்கிக்கொள்வாரே என்று கேட்டிருக்கிறாள். நேரம் முடிந்தது என்றாய். எந்த விதி என்று கேட்டாள், தலைவர் முடிவு என்றாய். தலைவர் மேலேயே புகார் கொடுத்தாள், அதை விசாரித்த நீதிபதியும் நீயே, தண்டனை அவளைக் குழுவின் மெயில் பட்டியலிலிருந்து நீக்கியது. நான் என்ன டீச்சர் தப்பாக் கேட்டுட்டேன் என்று அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அவமானமாக இருந்தது பெலிக்ஸ்.

ஆசிரியர் சங்கத்தில் பதினோரு வருஷம் செயலாளராக இருந்தவள் சொல்கிறேன். ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் நாங்கள் டீ வாங்குவதைக்கூடத் தீர்மானித்ததில்லை. தலைவர் மேல் புகார் வந்தால் அவர் நாற்காலியை விட்டு இறங்கி எங்களோடு பெஞ்சில் உட்காருவார். நம் பங்குக் கோயில் திருவிழாவில் சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று சண்டை வந்தபோது, பங்குச்சாமியாரே இரண்டு தெருக்காரரையும் பேசவிட்டுக் கேட்டார், அவருக்கு மேலிடத்துச் சிபாரிசு இருந்தும். நீ கெட்ட எண்ணத்தில் செய்தாய் என்று நான் நம்பவில்லை. நான் நல்லவன்தானே, எனக்கெதற்கு விதி என்று நீ நினைத்தாய் பார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு எவன் வருவானோ.

இனி உன் கல்யாண விஷயம். வேடசந்தூர் ஷைனிக்கும் உனக்கும் தை மாதம் நிச்சயம் வைக்கலாமா என்று செவ்வாய்க்கிழமை மெயில் போட்டேன். நாற்பத்தெட்டு மணி நேரம் காத்திருந்தேன், பதில் இல்லை, ஆகவே நிறைவேறியது. அப்பா அன்றைக்கே பிரியாணி மாஸ்டரிடம் பேசிவிட்டு வந்துவிட்டார். ஷைனி யோசிக்க ஒரு வாரம் கேட்டாள், கொடுத்திருக்கிறேன், பாவம் அவள் உன் குழுவில் இல்லையே. உனக்கு மறுப்பிருந்தால் தாராளமாக எழுது, விசாரிக்கப்போவதும் நான்தான். நர்கீஸைத் திரும்பச் சேர்த்து, அவள் கேட்டதை எல்லோர் முன்னாலும் வைத்து, அந்தத் தீர்மானத்தை என்றைக்கு மறுபடி எடுக்கிறாயோ அன்றைக்கு இதையும் மறுபடி எடுக்கிறேன்.

ஆண்டவர் உனக்கு நல்ல சுகமும் கொஞ்சம் பொறுமையும் தரட்டும். ஞாயிறு பூசையை விட்டுவிடாதே, ரொட்டியை மட்டும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. தை மாதத்துக்கு டிக்கெட் கிடைப்பது கஷ்டமாம், அதையும் சீக்கிரம் பார்.

இப்படிக்கு,
உன் அம்மாவும் இந்த வீட்டின் தலைவருமான
ஆனந்தமேரி