ஆற்றுக்கு மேலே போட்ட கோடு

மேலப்பாளையம்
05.06.2025

அன்புள்ள சுந்தரிக்கு,

நலம்தானே? ஒரே அலுவலகத்தில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் அனுப்பினால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

நம் மருந்து மொத்த விற்பனை அலுவலகம் பேட்டைக்கு அந்தப்புறம் மாறி நான்கு நாளாகிறது. நான்கு நாளும் நான் தாமதம். இரண்டு பஸ் மாறி நசுங்கி வருகிறேன். மூன்று தாமதத்துக்கு அரை நாள் விடுப்பு போகுமாம். ஸ்கூட்டரில் போனால் வாசலில் காவலுக்கு நிற்கும் நாறும்பூநாதன் அண்ணாச்சி, "ஸ்டிக்கர் இல்லாத வண்டிய உள்ள விடக்கூடாதுன்னு சுந்தரி மேடம் சொல்லியிருக்காவ. நான் என்னம்மா செய்ய?" என்று கையை விரிக்கிறார்.

அலுவலகத்திலிருந்து எட்டு கிலோமீட்டருக்கு மேல் இருப்பவர்களுக்குத்தான் வண்டி நிறுத்த ஸ்டிக்கர் என்றாய். சரி. மேலப்பாளையம் எப்படி ஐந்தரை ஆனது? உன் மேசையில் அந்த வரைபடத்தைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துத் தாமிரபரணிக்கு மேலேயே நேராகக் கோடு போட்டிருக்கிறாய். இங்கிருந்து வரும் நாங்கள் ஏழு பெண்களும் பறந்தா வருவோம்? பெரிய பாலத்தைச் சுற்றினால் பதினொன்று. குறுக்கே உள்ள தரைப்பாலத்தைச் சொல்லாதே. வெள்ளத்தில் உடைந்தது அப்படியே கிடக்கிறது.

ஆற்றங்கரையில் பிறந்தவள் நீ. உனக்கே ஆறு தெரியவில்லையே என்பதுதான் என் கோபம்.

ஹம்னா

*

கொக்கிரகுளம்
06.06.2025

அன்பு ஹம்னா,

உன் கோபம் எனக்குப் புதிதில்லை. ஆனால் என் நிலைமையையும் பார். நூற்று இருபது பேர், நாற்பது வண்டிக்குத்தான் இடம். எங்கே கோடு போட்டாலும் யாராவது வெளியேதான் நிற்பார்கள். பட்டியலில் மேலாளர் கையெழுத்துப் போட்டாயிற்று. இப்போது போய் என் தப்பு என்று நின்றால், மூன்று மாதத்துக்கு முன் வந்த இந்த நிர்வாக அதிகாரி பதவி என்னிடம் இருக்காது.

இத்துடன் ஒரு ஸ்டிக்கர் வைத்திருக்கிறேன். விருந்தினருக்கென்று ஒதுக்கியது. ஒட்டிக்கொள். யாரிடமும் சொல்லாதே.

நாளை பெருநாள். உம்மாவிடம் என் வாழ்த்தைச் சொல்.

உன் சுந்தரி

*

மேலப்பாளையம்
09.06.2025

சுந்தரி,

ஸ்டிக்கரைத் திருப்பி வைத்திருக்கிறேன். ஏழு பேரில் நான் மட்டும் வண்டியில் போக, கைக்குழந்தைக்காரி ஃபர்ஹத் பஸ் படியில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு போகவா? பதினொரு வருஷப் பழக்கத்தில் என்னை இவ்வளவுதான் புரிந்துகொண்டாயா?

இன்று தாமதப் பதிவேட்டில் நாங்கள் யாரும் கையெழுத்துப் போடவில்லை. இனியும் போடமாட்டோம். நோட்டீஸ் கொடு. எங்கள் விளக்கம் ஒரே வரிதான்: நடுவில் ஆறு இருக்கிறது. வேலையை விட்டு அனுப்பினாலும் இதைத்தான் எழுதுவோம்.

ஒருநாள் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்து பார். அதற்கும் மனசில்லை என்றால் இதுதான் உனக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம். பெருநாள் சாப்பாடு இந்த வருஷம் உனக்குக் கொடுத்துவிடவில்லை. கை வரவில்லை.

ஹம்னா

*

கொக்கிரகுளம்
12.06.2025

ஏட்டி ஹம்னா,

நேற்று உன்னிடம் சொல்லாமல் மேலப்பாளையம் வந்து, உங்களுக்கு முந்திய பஸ்ஸில் ஏறினேன். ஜங்ஷனில் அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நின்றேன். அலுவலகத்தில் வருகைப் பதிவு இயந்திரத்தில் விரல் வைத்தபோது மணி ஒன்பது பன்னிரண்டு. பன்னிரண்டு நிமிடம் தாமதம். பதிவேட்டை நீட்டினார்கள். நானும் கையெழுத்துப் போடவில்லை.

மேலாளரிடம் போய், அளந்தது தப்பு, அளந்தவள் நான் என்று சொன்னேன். போட்ட பட்டியலை மாற்ற முடியாது என்றார். மாற்ற வேண்டாம், என் கார் நிற்கும் இடத்தை இவர்களுக்கு விடுகிறேன் என்றேன். அதிகாரிகளுக்கான இடத்தில் ஊழியர் வண்டியா என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். உங்கள் விளக்கத்தையே நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பதவி போனால் போகட்டும், பழைய மேசை எனக்குப் பழக்கம்தான்.

அந்த இடத்தை இன்று டேப் வைத்து அளந்தேன், ஸ்கேலால் இல்லை. தாராளமாக நான்கு ஸ்கூட்டர் நிற்கும். திங்கட்கிழமை வண்டிகளைக் கொண்டு வாருங்கள். நாறும்பூநாதன் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன்.

நான்கு ஸ்கூட்டரில் எட்டுப் பேர் வரலாம். நீங்கள் ஏழு பேர். எட்டு மணிக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஹெல்மெட்டோடு நிற்பேன். நிறுத்துவதும் நிறுத்தாமல் போவதும் உன் இஷ்டம்.

சுந்தரி