கேட்காமல் எடுத்த முடி

என் அன்பு மாமாவுக்கு,

அன்பு என்று எழுதிவிட்டேன், அது இருக்கட்டும். ஆனால் இது சண்டைக் கடிதம். உங்கள் வருஷத் திதிக்கு லண்டனிலிருந்து வந்து, கே.ஜி.கண்டிகையில் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். திதி முடிந்தது, வடை பாயசம் முடிந்தது, என் கோபம் மட்டும் முடியவில்லை.

யாரைக் கேட்டு என் மகள் தலையை மழித்தீர்கள்?

நீங்களும் அத்தையும் விமானத்தில் வந்து இறங்கியபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! வள்ளிக்குப் புதுப் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். நானும் உங்கள் பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். செவ்வாய்க்கிழமை பள்ளி. அதற்கு முந்தின சனிக்கிழமை ரொட்டி ஃபேக்டரியில் வேலை முடிந்து வருகிறேன். காலையில் இரட்டைப் பின்னல் போட்டுவிட்டுப் போன பிள்ளை, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு கதவுக்குப் பின்னால் நிற்கிறது. முடி மேஜைமேல் மஞ்சள் துணியில் முடிச்சாக இருந்தது.

"கைக்கொழந்தையா இருக்கசொல்ல ஜுரம்னு நீதானம்மா லெட்டர் போட்ட? அன்னிக்கே மலையேறிப் போயி முருகனாண்ட வேண்டிகினேன். அடுத்த வாரம் புள்ளைக்கு அஞ்சு முடிஞ்சி ஆறு பொறக்குது. ரெட்டப்பட வயசுல எடுக்கக் கூடாது. இன்னிக்கு கிருத்திக வேற. இன்னா பண்ணச் சொல்ற?" என்றீர்கள்.

என்னைக் கேட்டிருக்கலாம். அவளைக் கேட்டிருக்கலாம். வேண்டிக்கொண்டது நீங்கள், முடி அவளுடையது. அதுவும், மணவூரில் இருக்கும் என் தம்பி மடியில் உட்கார வைத்து எடுக்க வேண்டிய முடி. தாய்மாமன் மடி இல்லாமல், குளியலறையில், உங்கள் பிள்ளையின் சவரக் கத்தியால்! சாஸ்திரத்தில் உங்களுக்கு வேண்டிய பாதி மட்டும் எப்படி ஞாபகம் இருந்தது? உங்கள் பிள்ளையாவது கேட்டாரா? "இன்னா நைனா இது" என்றார், அவ்வளவுதான். பேப்பரை விரித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் நான் ஷிஃப்டுக்குப் போய்விட்டேன். கம்பளிக் குல்லா மாட்டி நீங்கள்தான் அவளைப் பள்ளியில் விட்டீர்கள். சாயங்காலம் வந்தால் டீச்சரிடமிருந்து ஒரு சீட்டு. உங்கள் மகளுக்கு என்ன நோய், சிகிச்சை நடக்கிறதா, நாங்கள் ஏதாவது உதவ முடியுமா என்று. படித்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே நீங்கள். நீங்களும் மொட்டை. அங்கங்கே கத்தி பட்ட கீறல் வேறு.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இன்னா மாமா, ஊட்டையே மலக் கோயிலாக்கிட்டீங்களா? போதும். இனிமே இங்க வராதீங்க" என்று கத்தினேன். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீங்கள் கையைக் காட்டி அடக்கினீர்கள்.

"ஆங், சரிம்மா" என்றீர்கள்.

கார்த்திகையில் ஊர் திரும்பினீர்கள். மஞ்சள் முடிச்சை மலையில் சேர்த்தீர்களாம். தை பிறந்தது, தந்தி வந்தது. அது எங்கள் கைக்குக் கிடைத்தபோது இங்கே எல்லாம் முடிந்திருந்தது.

நேற்று வள்ளியைக் கூட்டிக்கொண்டு மலையேறினேன். இப்போது அவளுக்கு முடி கழுத்துவரை வளர்ந்துவிட்டது. படியில் இறங்கி வருகிற மொட்டைத் தலைகளை எண்ணிக்கொண்டே வந்தவள், சட்டென்று சொன்னாள்:

"அன்னிக்கு ஸ்கூலுக்குள்ள போமாட்டேன்னு அழுதேம்மா. தாத்தா மப்ளரைக் கழட்டுனாரு. அவருக்கும் மொட்ட! 'பாத்தியா, சிரிக்கிறவன் நம்ம ரெண்டு பேரையும் பாத்துதான் சிரிக்கணும்'னாரு. பெல் அடிக்கிற வரைக்கும் வாசல்லயே நின்னுகினு இருந்தாரு. தெனமும் நிப்பாரு."

அந்தக் குளிரில், வெறுந்தலையோடு.

ஏன் மாமா என்னிடம் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போயிருப்பீர்கள்? நான் விட்ட சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு நாளாவது கொடுத்தீர்களா? கேட்காமல் முடியை எடுத்தீர்கள், சொல்லாமல் போய்ச் சேர்ந்தீர்கள். இரண்டுமே உங்கள் இஷ்டம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பள்ளி திறந்த அன்றைக்கு லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. அந்த வாசலில் நின்றிருக்க வேண்டியவள் நான். அந்தக் கோபத்தையும் சேர்த்து உங்கள்மேல்தான் கொட்டுகிறேன். வேறு யாரிடம் கொட்டுவது?

முடி எடுத்ததை மன்னிக்க மாட்டேன். இனி அவளைக் கேட்காமல் அவள் தலையில் யாரும் கைவைக்க முடியாது, முருகனே வந்து நின்றாலும் சரி. ஆனால் செப்டம்பரில் பள்ளி திறக்கிற அன்று நான் வேலைக்குப் போக மாட்டேன். வள்ளியைக் கூட்டிக்கொண்டு போய், நீங்கள் நின்ற இடத்தில், மணி அடிக்கும்வரை நிற்பேன். இது சத்தியம்.

வராதீங்க என்று சொன்னேனே, அன்றைக்கு வாங்க மாமா.

உங்களோடு இன்னும் சண்டை தீராத மருமகள்,
கௌரி