இருபத்து நான்கு பாத்திகளும் என் மூன்று புகார்களும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முதலாம் ஆண்டு நினைவுக்குச் சபைப் பத்திரிகையில் போட ஏதாவது எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பொறுமையின் வடிவம், அன்பின் ஊற்று என்று எழுதுவதுதான் வழக்கம். என்னால் முடியவில்லை. உன்மேல் எனக்குக் கோபம். நீ இருந்தவரை உன்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேச எனக்குத் துணிவு வந்ததில்லை. இப்போதும் வரிசை போட்டுக்கொண்டால்தான் வருகிறது.

1. உன் நோயை என்னிடம் மறைத்தாய்.
2. நல்ல நிலத்தைக் கடைசி ஆறு மாதத்தில் பாழாக்கினாய்.
3. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் என் தலையில் வைத்துவிட்டுப் போனாய்.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு நேற்றைய பொழுதே சாட்சி.

விடியும்போதே உன் பசு ஒரு உதை விட்டது. பால் வாளி ஒரு பக்கம், ஞானம் ஒரு பக்கம். உன்னை அது ஒரு நாளும் உதைத்ததில்லையாம்; என் மனைவி என்ன பாவம் செய்தாள்? அவளைத் தூக்கிவிடுவதற்குள் ஆடுகள் படலைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வாழைத் தோட்டத்துக்குள் போய்விட்டன. ஏழு மணிக்குச் சந்தை வண்டி வரும். அதற்குள் முருங்கைக்காய் கட்ட வேண்டும். நான் நீளம் பார்த்துத் தனித்தனியாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"முருங்கக்காய அளந்து பாத்தா கட்டுவாவ? இதென்ன உப்பு ஆபீஸா? வண்டிக்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டு நிக்கான்!" என்றாள் ஞானம்.

முப்பத்தைந்து வருடம் உப்பைச் சோதித்துப் பார்த்த கை, அக்கா. ஒன்றை மூன்று முறை பார்க்காமல் அதற்கு நகரத் தெரியாது. வண்டி பாதிக் காயை விட்டுவிட்டுப் போய்விட்டது. இடுப்பு எலும்பு மாற்றியவன், குனியக் கூடாதவன், கம்பில்லாமல் நடக்க முடியாதவன், தூத்துக்குடியில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து இந்தச் செம்மண்ணில் என்ன செய்வேன் என்று நீ நினைத்தாய்? "தம்பி பாத்துக்கிடுவான்" என்று ஊரெல்லாம் சொன்னாயாமே. தம்பியிடம் சொன்னாயா?

இனி முதலாவது. பேச்சியம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நீ எத்தனை முறை தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு வந்தாய்? அந்த பஸ் என் தெருமுனையில்தான் நிற்கும். இறங்கி, என் வீட்டுப் பக்கம் திரும்பாமல், எதிர்ப்பக்கமாக நடந்து போயிருக்கிறாய். அடக்கம் முடிந்த பிறகு உன் தோட்டத்தில் வேலை செய்கிற அந்தப் பேச்சியின் வாயிலிருந்து நான் இதைக் கேட்க வேண்டுமா? "சொன்னா அவன் பயந்துருவான்" என்றாயாம். பயந்திருப்பேன். பயந்துகொண்டே உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே. அதற்குமா தைரியம் வேண்டும்?

இனி இரண்டாவது. கிணற்றடியிலிருந்து இறங்கும் வாய்க்காலின் இரு புறமும் அப்பா காலத்தில் முப்பத்திரண்டு பாத்திகள். நீ அதை இருபத்து நான்காகக் குறைத்திருந்தாய். வாய்க்காலை ஒட்டி ஒரு முழத்துக்கும் மேல் அகலமாக வெறும் பாதை. ஒவ்வொரு பாத்திக்கும் தண்ணீர் நுழையும் மடையில் மாட்டுத்தொழுவத்தின் பழைய கூரை ஓடு ஒன்றை நட்டு, அதன் தலையில் வலைக்கயிற்றால் ஒரு வளையம். தாளில் வரைந்து பார்த்தேன். கால்வாசி நிலம் வீண். போதாததற்குப் போன மாதம் அந்த வளையம் ஒன்றில் கால் மாட்டி விழப் பார்த்தேன். நோய் முற்றி உனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு செய்தேன். தண்ணீர் பாய்ச்சுவதெல்லாம் பேச்சிதான். நான் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு நேரம் குறித்து வைப்பதோடு சரி.

கத்தரிச் செடியெல்லாம் பிடுங்கிப் பாத்திகள் சும்மா கிடந்தன. நேற்றுப் பத்து மணிக்கு டிராக்டரை வரச் சொல்லியிருந்தேன், எல்லாவற்றையும் சமப்படுத்த. ஆம், நான்தான் வரச் சொன்னேன். உன்னைக் கேட்காமல். நீ என்னைக் கேட்டாயா?

ஏழாவது பாத்தி புரண்டுகொண்டிருந்தபோது பேச்சி ரேஷன் பையோடு வந்தாள். பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி! என்ன செய்திய? அக்கா ஒங்களுக்குப் போட்ட பாத்தியல்லா அது!"

"எனக்கா?"

"பின்ன யாருக்கு? குனியாம மட தொறக்கணும்னு ஒவ்வொரு ஓடா நட்டாவ. முடியாத ஒடம்ப வச்சுக்கிட்டு. ஒங்க கம்ப வளையத்துல மாட்டி, நிமுந்து நின்னபடி தூக்கித் தூக்கிப் பாத்தாவ. வரலன்னா புடுங்கிட்டு மறுபடி நட்டாவ."

"என் கம்பா?"

"அக்கா இருந்தப்ப நீங்க கடைசியா வந்தியளே, அப்ப காணாம போச்சே, அது. எங்க வீட்டுலதான் கெடக்கு."

அன்று நீ என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "எங்கயாவது விட்டிருப்ப. ஒன் தலைய விடாம வந்தியே, அதுவே பெருசு."

"ஏன் இத்தனை நாள் சொல்லல பேச்சி?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாவ. 'அவன் படிச்சவம்ளா, ஒரு நாள் நின்னு பாத்தா அவனுக்கே வெளங்கும்'னாவ. நீங்க எங்க நின்னு பாத்திய? சுவிச்சப் போட்டுட்டு நோட்டோட போயிருதியளே."

டிராக்டர் எட்டாவதுக்குத் திரும்பியது. நான் கத்தினேன், அக்கா. "ஏலே! நிறுத்துலே!" என் குரலா என்று ஞானம் வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். டிரைவருக்கும் கோபம். "வரச் சொன்னதும் நீங்க, நிறுத்தச் சொல்லுததும் நீங்க. நல்லா இருக்கு அண்ணாச்சி!" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான்.

அவன் போன பிறகு மோட்டாரைப் போட்டேன். கையிலிருந்த கம்பின் கைப்பிடி வளைவை எட்டாவது பாத்தியின் வளையத்தில் மாட்டித் தூக்கினேன். ஓடு எழுந்தது. தண்ணீர் உள்ளே போயிற்று. நிறைந்ததும் கம்பால் அழுத்தினேன், அடைந்துகொண்டது. அந்த அகலப் பாதையில் நானும் என் கம்பும் இடிக்காமல் அடுத்ததற்குப் போனோம். ஒரு இடத்திலும் குனியவில்லை. எட்டு முதல் இருபத்து நான்கு வரை நானே பாய்ச்சினேன். வெறும் மண்ணுக்கு எதற்குத் தண்ணீர் என்று பேச்சி கேட்கவில்லை.

கோபம் போயிற்று என்று நினைத்துவிடாதே. கூடிவிட்டது. இதையும் மறைத்தாயே! ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, நீயே நின்று, இப்படித் தூக்கு என்று காட்டியிருந்தால் ஏழு பாத்தி போயிருக்குமா? நான்கு ஓடு உடைந்திருக்குமா? நான் நின்று பார்ப்பேன் என்று எந்த நம்பிக்கையில் விட்டுப் போனாய்?

மழைக்கு முன்னால் அந்த ஏழையும் உன் அளவிலேயே திரும்பப் போடுகிறேன். பேச்சி வரப்புக் கட்டுவாள், ஓடுகளுக்குக் கயிறு நான் கட்டுவேன். தண்ணீரும் இனி நானே பாய்ச்சுவேன். இது வாக்கு.

முதலாவது புகாரும் மூன்றாவதும் அப்படியே நிற்கின்றன. இரண்டாவதை மேலே அடிக்காமல் விட்டிருக்கிறேன், படிக்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று. அந்தப் புகார் தவறு, அக்கா.

நின்று பார்க்காத உன் தம்பி,
துரைராஜ்