மைக்கனா, ரஸ்ஸலா

மைசூர், ஆகஸ்ட் 1958

அன்புள்ள அப்பாவுக்கு, செலின் வணங்கி எழுதுவது. உங்கள் இருமல் தணிந்ததா? அம்மா மாத்திரை சாப்பிடுகிறார்களா? நான் சுகம், அலுப்புதான் தீரவில்லை.

நேற்று ஆசிரியர் அறையில் ஒரு சண்டை. சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடும் அமெரிக்கர்களில், கூடையருகே நிற்கும் ‘சென்டர்’களில் சிறந்தவர் மைக்கனா, ரஸ்ஸலா என்று.

“செலின் டீச்சர் சொல்லட்டும். ஒசரமானவங்க நியாயம் அவங்களுக்குத்தான் தெரியும்” என்றார் ஸ்டானிஸ்லாஸ் சார்.

தனியாகச் சாப்பிடும்போது பத்திரிகையில் வாசித்திருந்தேன். “ரஸ்ஸல்தான் சார். மைக்கன் பந்தைக் கூடையில் போடுவார், இவர் யாரையும் போடவே விடமாட்டார்” என்றேன்.

“அடடே, நீங்க பேசுவீங்களா?” என்று மெட்டில்டா டீச்சர் சிரித்தார்.

உடனே சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இனி வாராவாரம் ஊருக்கு வர முடியாது. மறுத்தால் மறுபடி யாரும் என்னிடம் பேசமாட்டார்களோ என்றிருந்தது.

பஸ்ஸில் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். பதிலைக் கொஞ்சம் நீளமாக எழுதுங்கள், அப்பா. மணி அடித்துவிட்டது.

மகள்,
செலின்