அந்த லென்ஸ்தான் வேண்டுமாம்

பிப்ரவரி 6

இனிமேல் மேடை எனக்கு இல்லை. ஸ்டுடியோவைத் திறந்ததும் திறக்காததுமாக முதலாளி சொல்லிவிட்டார். அவருடைய மருமகன் புதிதாக ஒரு லென்ஸ் வாங்கியிருக்கிறார். கொள்ளை விலையாம். பார்க்க ஒரு சின்னக் குடம் போல இருக்கிறது. கல்யாணங்களில் இனி அதுதான் மேடையில் நிற்குமாம். நான் என் பழைய லென்ஸோடு மணப்பெண் அறை, வாசல், சாப்பாட்டு ஹால் என்று சுற்ற வேண்டுமாம்.

"கோச்சுக்காதம்மா. இந்தக் காலத்துல ஜனங்க லென்ஸைத்தான் பாக்கறாங்க."

படத்தைப் பார்க்கமாட்டார்களாமா? இத்தனை வருஷமாக இந்தக் கடை ஆல்பங்களுக்கு அட்டைப்படம் எடுத்தது யார்? வாசலில் படுத்திருக்கிற பூனையா?

பிப்ரவரி 7

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "சாப்பாட்டு ஹாலா? அப்போ முதல் பந்தி உனக்குத்தான்" என்கிறார். இந்த மனுஷன்கிட்டப் போய்ச் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்.

பிப்ரவரி 15

இன்று ஒரு கல்யாணம். மேடையில் மருமகன் குடத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். வந்தவர்கள் பெண்ணை விட்டுவிட்டு லென்ஸை வேடிக்கை பார்த்தார்கள். நான் மணப்பெண் அறையில். ஜன்னலோரம் நின்றுகொண்டு, ஊக்கைப் பல்லில் கடித்தபடியே பெண் சிரித்துவிட்டாள். தங்கைக்காரி ஏதோ கிண்டல் செய்திருக்கிறாள். ஒரே அமுக்கு. நல்லா வந்துடுச்சு என்று அப்போதே தெரிந்தது.

பிப்ரவரி 19

வயிறு எரிகிறது.

எங்கள் கடையில் எல்லாரும் எடுத்த படங்களை ஒரே ஃபோல்டரில் கொட்டிவிடுவது வழக்கம். யார் எடுத்தது என்று பேர் இருக்காது. பெண்ணின் அம்மா ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வந்தார். ஊக்கோடு சிரிக்கிற படத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே முதலாளி, "பாத்தீங்களா! இதான் எங்க புது லென்ஸ். சாதா லென்ஸ்ல இந்த உயிரு வருமா?" என்றார்.

மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள் போனதும் படத்தின் விவரத்தைத் திறந்து காட்டினேன். எந்த லென்ஸில் எடுத்தது என்று கம்ப்யூட்டரே சொல்கிறது. என்னோடது! முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி விடும்மா. யார் எடுத்தா என்ன? கடைக்குத்தானே பேரு."

கடைக்கா? அவர் பேர் வாங்கிக் கொடுத்தது அந்தக் குடத்துக்கு!

பிப்ரவரி 20

அந்தப் படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டிவிட்டார். கீழே ஒரு பலகை: 'எங்கள் புதிய லென்ஸின் கைவண்ணம்.' லென்ஸுக்கு ஏது கை?

பிப்ரவரி 23

மருமகன் மெதுவாக வந்தார். "அக்கா, இந்த லென்ஸை நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

அவரையே ஜன்னல் பக்கம் உட்கார வைத்து இரண்டு லென்ஸிலும் எடுத்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வித்தியாசமா? ஒரு மண்ணும் இல்லை! பிறகு மாடிப்படி இருட்டில் எடுத்தேன். என்னுடையதில் முகமெல்லாம் புள்ளி புள்ளி. அவருடையதில் மீசை முடி வரைக்கும் தெரிகிறது. எனக்கு எரிச்சலாக வந்தது. நல்ல லென்ஸ்தான், யாரு இல்லைன்னாங்க? அதுக்காக நான் எடுத்த படத்தை அது எடுத்ததா சொல்றதா?

மார்ச் 11

சிரிப்பதா, அழுவதா?

அதே அம்மாள் இன்று இரண்டாவது பெண்ணின் கல்யாணத்துக்குப் படம் எடுக்கச் சொல்ல வந்தார். ஒரே பிடிவாதம். வாசலில் மாட்டியிருக்கிற படத்தை எடுத்த லென்ஸ்தான் மேடையில் நிற்க வேண்டும், வேறு எதுவும் கூடாது. "அதேதாம்மா, அதேதான்" என்று முதலாளி மருமகனைக் கை காட்டினார்.

மருமகன் எழுந்து நின்றார். "அந்த லென்ஸ் என்கிட்ட இல்லீங்க. அந்த அக்காகிட்டதான் இருக்கு."

முதலாளி முகம் போன போக்கைப் படம் எடுக்காமல் விட்டுவிட்டேனே!

மேடை எனக்கு.

மே 4

கல்யாணம் நடந்தது. மேடையில் நான், மணப்பெண் அறைக்கு மருமகன். கடைசியில் மண்டபத்து விளக்குகளைப் பாதிக்கு மேல் அணைத்துவிட்டார்கள். என் லென்ஸ் திணறியது. மேடையோரம் வந்து நின்ற மருமகன், நான் கேட்காமலே குடத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் வீம்பு பார்த்தால் படம் போய்விடும்.

மே 9

பெண்ணின் அம்மா படம் பொறுக்க வந்தார். விளக்கணைத்த பிறகு எடுத்த படம் ஒன்றின் மேல் விரல் வைத்தார்.

"இது அந்த லென்ஸ்தான். எனக்குப் பாத்தவுடனே தெரிஞ்சிடும்."

அது குடத்தில் எடுத்தது. நானும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம். முதலாளி என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் படம் மட்டும் இருந்தது. பலகையைக் காணோம். ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, சுவரில் மிச்சமிருந்த ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார் முதலாளி.