வீடு திரும்ப வேண்டிய டயர்

அண்ணி,

நேற்று அப்பளம் எடுக்க உங்கள் வீட்டு பாம் ஷெல்டர் கதவைத் திறந்தேன். டயர் வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. அரிசி மூட்டை, தீபாவளி விளக்குப் பெட்டி, பழைய மின்விசிறி எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு நம் நான்கு சக்கரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள அரசாங்கம் கட்டிக்கொடுத்த அறை இது. “ஆபத்துன்னு வந்தா எங்க ஒளிவீங்கண்ணே?” என்று கேட்டேன். “டயர் மேல ஏறி உக்காந்துக்குறேன், உனக்கென்ன?” என்கிறார் உங்கள் வீட்டுக்காரர். இந்தக் கதையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து நகைச்சீட்டு போடுவார்கள், புடவை வாங்குவார்கள். நாம் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினோம். ஆங் மோ கியோ கார் பார்க்கில் அதை முதன்முதலில் பார்த்த அண்ணன், “இதுல நான் எங்க உக்கார்றது?” என்றார். “உங்களுக்குத்தான் பஸ் இருக்கே” என்றீர்கள். அன்றிலிருந்து அவருக்கும் அந்த வண்டிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் நாம் எல்லை தாண்டி ஜொகூர் ஓட்டக்களத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் மறக்காமல் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு மேலே வீட்டுக்குப் போய்விடுவார்.

ஜாலான் புசார் டயர் கடையில் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? எனக்குப் பதினெட்டு இன்ச்சு சக்கரம்தான் வேண்டும். தங்க நிறம், பத்துக் கம்பி, தேர்ச்சக்கரம்போல மின்னியது. நீங்கள் அதைத் தூக்கச் சொன்னீர்கள். இரண்டு கையாலும் தூக்கினேன். பிறகு பக்கத்தில் கிடந்த பதினாறு இன்ச்சு சக்கரத்தைக் காட்டினீர்கள். சாம்பல் நிறம், பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. ஒரே கையில் வந்துவிட்டது.

“கால்ல அம்மிக்கல்லக் கட்டிக்கிட்டு ஓடுவியா கலா? கனமான சக்கரம் அப்படித்தான். பிரேக் பிடிச்சா நிக்காது, மிதிச்சா கிளம்பாது. ஷோ காட்டணும்னா சிராங்கூன் ரோட்டுல காட்டு, டிராக்ல வேணாம்லா.”

துவாஸ் கிடங்கில் பாரந்தூக்கி வண்டிகளை மேய்த்தவராயிற்றே நீங்கள், எடை விஷயத்தில் உங்களிடம் வாய் கொடுக்க முடியுமா? அடுத்து டயர். கடைக்காரர், பள்ளங்களே இல்லாத வழுவழு டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். பந்தயக்காரர்கள் போடுவது, தார்ச்சாலையைப் பசைபோலப் பிடிக்கும் என்றார். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: “மழை பெஞ்சா?”

அவர் தலையைச் சொறிந்தார்.

“கோஸ்வே பாலத்துல ஜாம்ல நின்னு, மழையில இதே டயர்ல வீட்டுக்கு வரணும் அண்ணே. வேகமா ஓடுற டயர் எல்லாக் கடையிலயும் கிடைக்கும். எனக்கு வீடு வரைக்கும் வர்ற டயர் வேணும்.”

பள்ளம் வெட்டிய, ஆனால் ரப்பர் மிருதுவான டயரைத்தான் எடுத்தீர்கள். பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பதுபோல ஒவ்வொரு டயரின் பக்கச்சுவரிலும் தயாரித்த தேதியைப் படித்துவிட்டுத்தான் மாட்டவே விட்டீர்கள். அடுத்த ஓட்டத்திலேயே ஜொகூரில் வானம் பொத்துக்கொண்டது. வழுவழு டயர்க்காரர்கள் எல்லாம் கூடாரத்தில் நின்று தேத்தண்ணி குடிக்க, நீங்கள் மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தனியாகச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். நான் ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு விசிலடித்தேன்.

ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் இறங்கிப் போய், காய்ச்சல் பார்ப்பதுபோல டயரைத் தொட்டுப் பார்ப்பீர்கள். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு. எந்தப் பக்கம் அதிகச் சூடோ அதை வைத்துக் காற்றைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுப்பீர்கள். விரலெல்லாம் கருப்பாகிவிடும். அதே கையோடு வீட்டுக்குள் நுழைந்தால் அண்ணனுக்குச் சாமி வந்தாற்போல் ஆகிவிடும். “நகத்தப் பாரு நகத்த! இந்தக் கையால சோறு பிசையப் போறியா?” தானாவது கரண்டி எடுப்பாரா என்றால் அதுவும் மாட்டார். வாழையிலையில் கரண்டி போடுகிறவனை மனிதனாகவே மதிக்காத ஆள் அவர்.

நீங்கள் எங்களை விட்டுப் போனபிறகு வண்டியை யாரும் களத்துக்கு எடுக்கவில்லை. உங்கள் நோய் மூன்று பேரையும் ஒரேயடியாக உட்கார வைத்துவிட்டது. இந்த மாதம் வண்டியின் சிஓஇ முடிகிறது, அதற்குமேல் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை, ஒப்படைத்துவிட வேண்டும் என்று வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கடைசியாக ஒரு முறை உங்கள் சக்கரத்தில் ஓட்டிவிட வேண்டும் என்று ஜொகூரில் பெயர் கொடுத்தேன். டயரை வெளிச்சத்தில் பார்த்தால், பக்கச்சுவரெல்லாம் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. ரப்பர் காய்ந்து கொட்டாங்குச்சியாகிவிட்டது.

மாற்றப் போகிறேன் என்றதும் அண்ணன் குறுக்கே நின்றார். “அவ பாத்துப் பாத்து வாங்குனது. கழட்டாத.”

“இதுல ஓட்டுனா வெடிக்கும்ண்ணே.”

“அப்ப ஓட்டாத.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஓட்டாமலே வண்டியை ஒப்படைத்தால் அது உங்களுக்குச் செய்கிற மரியாதையா? “டயருக்குப் பாசம் பாக்கக் கூடாது, தேதிதான் பாக்கணும்னு சொன்னதே அண்ணிதான்” என்று கத்தினேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, “நானும் கடைக்கு வரேன்” என்றார்.

அதே கடை, அதே ஆள். சக்கரம் உங்களுடையதே இருக்கட்டும், டயர் மட்டும் மாற்றுங்கள் என்றேன். மனுஷர் பழக்கம் மாறாமல் மறுபடியும் அந்த வழுவழு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை மயங்கியிருப்பேன் என்றே நினைக்கிறேன் அண்ணி, கடைசி ஓட்டமாயிற்றே. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

“மழை பெஞ்சா?”

அண்ணன்! இத்தனை வருஷம் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு நாம் பேசியதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பள்ளம் வெட்டிய டயரையே எடுத்தோம். பக்கச்சுவரில் தேதியைக் கண்ணாடி போட்டுப் படித்தவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு அவர் மேலே போகவில்லை. கதவைத் திறந்து என் பக்கத்தில், உங்கள் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். களத்தில் ஹெல்மெட்டுக்குள் முதல் வளைவில் “முருகா”, இரண்டாவது வளைவில் “அடிப்பாவி”. மூன்றாவது சுற்றில் சத்தத்தையே காணோம், பயந்து திரும்பிப் பார்த்தால் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார். மழை வரவேயில்லை. நல்ல வெயில்.

வண்டியை நிறுத்தியதும் எனக்கு முன்னால் இறங்கிவிட்டார். முன்சக்கரத்தருகே குந்தி, உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று விரலை வைத்து வைத்து எடுத்தார். “இதத்தான் தொட்டுப் பாத்துட்டு வருவாளா?” என்றார். ஆமாம் என்றேன்.

கோஸ்வேயில் வழக்கமான ஜாம். நீங்கள் கேட்ட மாதிரியே டயர் ஒழுங்காக எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. லிட்டில் இந்தியாவில் நாம் வழக்கமாகப் போகும் வாழையிலைக் கடைக்குள் நுழைந்தோம். நான் கை கழுவி வந்து பார்க்கிறேன், அண்ணன் கை கழுவ எழுந்திருக்கவே இல்லை. இலையில் சோறு விழுந்தது, மீன் குழம்பு விழுந்தது. அவர் வலது கையை விரித்து மேசையோரம் வைத்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் டயர்க் கருப்பு.

பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, “தம்பி, ஒரு கரண்டி கொடுங்க” என்றார்.

இடது கையால்தான் சாப்பிட்டார் அண்ணி. பாதி சிந்தினார்.

வண்டியை மறுநாளே ஒப்படைத்துவிட்டோம், வாங்கும்போது அதில் இருந்த பழைய சக்கரங்களை மாட்டி. உங்களுடைய நான்கும் ஷெல்டரில். நான் இப்போதெல்லாம் டாக்சியிலிருந்து இறங்கினாலும் புறங்கையால் டயரை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் நடக்கிறேன். ஓட்டுநர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும்லா.

உங்கள்
கலா